காலிக் கேன்களுக்கு நடுவே

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு என் மகள் கைசா நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். காலையில் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனவள். பூட்ஸ் முழுக்கப் பனி, காதெல்லாம் சிவந்திருந்தது, கையில் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்று.

"வண்டி எங்கடி?" என்றாள் என் மனைவி மார்சி.

"ஷெரிப் ஆபீஸ்ல. கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"எதுல போய் மோதின?"

"மோதலம்மா. பீர்."

மார்சி என்னைப் பார்த்தாள். வீட்டில் பீர் என்ற சொல் விழுந்தாலே அவள் கண் என் பக்கம் திரும்பும். இரண்டு வருடப் பழக்கம் அது. நான் அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டேன். ஏற்கெனவே திருப்பிப் போட்ட முட்டைதான்.

எங்கள் மிச்சிகனில் காலி பீர் கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து சென்ட் கிடைக்கும். அதனால் இங்கே எவனும் காலிக் கேனைத் தூக்கி எறிவதில்லை. பெரிய கறுப்புப் பைகளில் கட்டிக் கராஜில் குவித்து வைப்பான். கைசா ஊர்ப் பனித்திடலில் பத்து வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகளுக்கு முழங்கால் கவசம் வாங்க வேண்டும் என்றால் வீடு வீடாகப் போய் அந்தப் பைகளைக் கேட்டு வாங்கிக் கடையில் போடுவாள். அன்றைக்கு நாற்பது வீட்டுப் பைகள் வண்டியில் இருந்தன. ஒரு கிலோமீட்டருக்கு நாறியிருக்கும்.

பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று பிராண்ட் வண்டியை நிறுத்தினார். மாவட்டப் போலீஸான ஷெரிப் ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் ஆள் அவர், தெற்கேயிருந்து வந்தவர். கண்ணாடியை இறக்கியதும் வாடை அடித்திருக்கிறது. காலிக் கேன் என்று கைசா சொல்லியிருக்கிறாள். அவர் நம்பாமல் பையை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஏழாவது பையின் அடியில் நான்கு கேன்களைக் கண்டுபிடித்திருக்கிறார். மூடி திறக்காதவை. நிறைந்தவை.

கைசாவுக்கு வயது பத்தொன்பது. இருபத்தொன்று ஆகாதவர்கள் குடிக்கத்தான் கூடாது என்றில்லை, வண்டியில் வைத்திருக்கவே கூடாது. அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று பிராண்டே சீட்டில் எழுதியிருந்தார். அதனால் ஒரு பயனும் இல்லை.

"எந்த மடையன் காலிப் பைக்குள்ள நிறைஞ்ச கேனைப் போட்டுக் குடுத்தான்?" என்று மார்சி கத்தினாள்.

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது பையின் வாய் சிவப்புச் சணலால் கட்டியிருந்தது என்று அதில் இருந்தது. எங்கள் கராஜில் சிவப்புச் சணலால் பை கட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

அந்த மடையன் நான்தான்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல வெட்கமாக இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஈஸ்டர் அன்று, மார்சி என் துணிப்பையைப் பனியில் தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஆறு வாரம் என் தம்பி ஆர்னேயின் வேட்டைக் குடிசையில் படுத்துக் கிடந்தேன். இனி ஒரு சொட்டு என்றால் நிரந்தரமாகப் போ என்று சொல்லித்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டாள். நான் பதினான்கு மாதம் ஒழுங்காக இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. ஆர்னேயின் குடிசையில் சேரும் காலிக் கேன்கள் எங்கள் கராஜில்தான் கிடக்கும். நிறைந்த கேனை ஒளிக்கக் காலிக் கேன் பையைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் உண்டா? மார்சி பிரிட்ஜைத் தேடுவாள், நான் வேலை பார்க்கும் மர அறுவைப் பட்டறைக்குப் போன் செய்வாள், என் கோட்டுப் பையில் கை விடுவாள். நாறும் பைக்குள் எந்தப் பெண்ணும் கை விடமாட்டாள் என்று என் குடிகார மூளை கணக்குப் போட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதுதான் கேவலம்.

கைசாவுக்கு அந்தப் பருவத்தில் தாதுக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் முன்னூறு மீட்டர் கப்பல், அதில் மேல்தள ஆள். எட்டு வயதிலிருந்தே கரையில் நின்று கப்பல் பேரெல்லாம் ஒப்பிப்பாள். மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை எல்லாம் முடித்து, ஆரஞ்சு நிற மேலங்கியைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் கப்பல் மதகு மார்ச் இருபத்தைந்தில் திறக்கும். கம்பெனிக்காரன் போனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். "கேஸை முடிச்சுட்டுச் சுத்தமான காகிதத்தோட இருபத்து மூணுக்குள்ள வாம்மா. இல்லன்னா உன் இடத்துக்கு வேற ஆளு காத்துட்டு இருக்கான்." கோர்ட்டில் நாள் குறித்தது பத்தொன்பது. நான்கே நாள் இடைவெளி.

அந்த மூன்று வாரமும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பனி பெய்யாத நாளிலும் பாதையைச் சுரண்டினேன். விறகை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றி அடுக்கினேன், மறுநாள் திரும்ப மாற்றினேன். மார்சி சும்மா இருக்கவில்லை. நாற்பது வீட்டுக்கும் போன் போட்டாள். கடைசியில் எதிர்வீட்டுக் கிழவர் டோலனன்மேல் சந்தேகம் வந்து நேரிலேயே போய்விட்டாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொன்னது எங்கள் வாசல்வரை கேட்டது.

"நிறைஞ்ச கேனை நான் எழுபது வருசத்துல ஒரு தடவை கூட வீட்டை விட்டு வெளிய விட்டதில்லம்மா. உன் புருசனைக் கேளு."

"அவன் குடிக்கிறதில்ல."

"அப்ப நல்லது," என்று கிழவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்சி திரும்பி வந்து, "கிழவனுக்குக் கொழுப்பைப் பாரு, உன்னைப் போய் இழுக்கிறான்," என்றாள். எனக்காகக் கோபப்பட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கோர்ட்டு கொடுத்த வக்கீலின் பெயர் டிண்டல். சின்னப் பையன் மாதிரி இருந்தான், டையில் கடுகுக் கறை. ஆனால் மண்டையில் சரக்கு இருந்தது.

"இந்தக் கேஸ்ல ஒரே ஒரு கேள்விதான்," என்றான். "தெரிஞ்சு வச்சிருந்தாளா, தெரியாம வச்சிருந்தாளா. தெரிஞ்சுன்னு அரசு தரப்புதான் நிரூபிக்கணும். நாற்பது வீட்டுப் பை, அதுல நாலு கேன். எப்படி நிரூபிப்பாங்க? கைசா வாயே திறக்க வேண்டாம். அவளைக் கூண்டுல ஏத்தக்கூட மாட்டேன். நீங்களும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான் சார். சும்மா இருந்தா ஜெயிச்சிடலாம்."

எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். நான் வாயை மூடினால் மகளும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். இப்படி ஒரு சௌகரியம் எந்த அப்பனுக்கு வாய்க்கும்?

கோர்ட்டுக்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம், நான் மூன்றாவது முறையாக விறகை மாற்றிக்கொண்டிருந்தபோது கைசா கராஜுக்கு வந்தாள். உதவி செய்கிற மாதிரி இரண்டு கட்டையை எடுத்து வைத்தாள்.

"அப்பா, அந்தப் பை நம்ம கராஜ்ல இருந்த பை."

நான் கட்டையைக் கீழே வைக்கவில்லை, மேலே தூக்கவும் இல்லை.

"தூக்கும்போதே கனத்துச்சு," என்றாள். "கையை விட்டுப் பாத்தேன். நாலு இருந்துச்சு. அடுத்த வாரம் அம்மா கராஜைக் கழுவப் போறேன்னு சொல்லிட்டு இருந்தா. அவ கண்ணுல பட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். கடைக்குப் பின்னால சாக்கடையில கொட்டிட்டு, காலிக் கேனோட காலிக் கேனாப் போட்டுடலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இல்லன்னு சொல்லுவ. அப்புறம் நான் உன்னை நம்பற மாதிரி நடிக்கணும். எனக்கு அலுத்துப்போச்சுப்பா."

கோபமே இல்லாமல் சொன்னாள். பாத்திரம் கழுவி அலுத்துப்போச்சு என்கிற மாதிரி.

"நான் கோர்ட்டுல சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லாத. அந்த வக்கீல் சொன்னதைக் கேட்டல்ல? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சாத்தான் தப்பு. நீ சும்மா உக்காந்திரு. அதை மட்டும் எனக்காகச் செய். நான் கப்பலுக்குப் போனதும் அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் இல்லாதப்ப."

சத்தியம் செய்தேன். தலையில் கை வைத்துச் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

பத்தொன்பதாம் தேதி மார்சி காரை ஓட்டினாள். கைசா முன்னால் உட்கார்ந்திருந்தாள், கப்பல் நேர்முகத்துக்குப் போட்ட அதே நீலச் சட்டை. நான் பின்னால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு வந்தேன். குளிருதுடா என்று மார்சி இரண்டு தடவை திட்டினாள்.

நீதிபதி பெல்கி அறுபது வயது அம்மாள். இந்த மாவட்டத்தில் பாதிப் பேரின் அப்பனையும் அம்மாவையும் அவருக்குத் தெரியும். பிராண்ட் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். வாடை, பைகள், கேன்கள். டிண்டல் எழுந்து இரண்டே கேள்வி கேட்டான்.

"நிறைஞ்ச கேன் இருக்கறது அவளுக்குத் தெரியும்னு அவ சொன்னாளா?"

"சொல்லல."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

டிண்டல் உட்கார்ந்தான். அப்போதே முடிந்துவிட்டது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது, மார்சி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள், கையை எடுத்ததும் திரும்ப ஆடியது.

அரசு வக்கீல் எழுந்தார். உயரமான ஆள், கையில் காகிதமே இல்லை. கையில் ஆதாரம் இல்லாதவன் வாயைத்தான் நம்புவான்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த ஊர்ப் பசங்க சமாச்சாரம் நமக்குத் தெரியாததா? குழந்தைங்களுக்குக் கவசம் வாங்கறேன்னு ஒரு சாக்கு. பைக்குள்ள ஒளிச்சு வச்சா யாரு பாக்கப் போறான்னு ஒரு தந்திரம். ஒளிக்கத் தெரிஞ்ச பொண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் யாரோட குடிக்கப் போனாளோ."

ஒளிக்கத் தெரிந்த பெண். கைசாவின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கச் சிவந்துகொண்டே வந்தது. அவள் திரும்பவில்லை. என் காதில் ரத்தம் ஏறியது. என் மகளை, என் அசிங்கத்தை அள்ளிக் கொட்டப் போனவளை, ஊர் முன்னால் இவன் குடிகாரி என்கிறான். நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கணத்தில் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான் யோக்கியன் என்று எனக்குத் தோன்றியது. எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

எழுந்து நின்றேன்.

"அது என்னோட பீரு," என்றேன். "நான்தான் ஒளிச்சு வச்சேன். அவ ஒரு சொட்டுக் குடிக்க மாட்டா. அம்மா கண்ணுல படறதுக்கு முன்னாடி கொட்டிடலாம்னுதான் அதை எடுத்துட்டுப் போனா."

பிரமாதமாகச் சொல்லிவிட்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அப்புறம் டிண்டலின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க மிஸ்டர் ரவுத்தியோ," என்றார் நீதிபதி. அவர் குரல் எனக்காக வருத்தப்பட்டது. "நீங்க சொன்னது எனக்குக் கேட்டுடுச்சு. கேக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அரசு வக்கீல் சிரிக்கவில்லை, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "அப்படின்னா அந்தப் பொண்ணுக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார். "இவரைச் சாட்சியா ஏத்த அனுமதி கேக்கறேன்."

கைசா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. வண்டியைத் தவறவிட்டவர்கள் ரோட்டைப் பார்க்கிற பார்வை.

டிண்டல் அவகாசம் கேட்டான். அரை மணி நேரம் உள்ளே போய்ப் பேசினார்கள். மார்சி நடைவழியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி. நான் பக்கத்தில் போனேன். "இப்ப வேண்டாம் வெஸ்," என்றாள். அவ்வளவுதான்.

டிண்டல் வெளியே வந்து கைசாவிடம் நேராகச் சொன்னான். என்னைப் பார்க்கவேயில்லை.

"கொட்டறதுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன்னாலும் சட்டப்படி வச்சிருந்ததுதான். உன்னைத் தண்டிக்க நீதிபதிக்கு மனசில்ல, அதனால ஒரு வழி குடுக்கறாங்க. தப்பை ஒத்துக்கோ. ஆறு மாசம் தீர்ப்பை நிறுத்தி வைப்பாங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஷெரிப் ஆபீஸ்ல வந்து மூச்சுப் பரிசோதனை. ஆறு மாசம் சுத்தமா இருந்தா கேஸ் இருந்த தடமே இருக்காது."

"திங்கக்கிழமை நான் ஏரி நடுவுல இருப்பேன்," என்றாள் கைசா.

"தெரியும்."

"செப்டம்பர்ல தடம் இருக்காதா?"

"இருக்காது."

"கப்பலும் இருக்காது," என்றாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனிக்கு அவளே போன் செய்தாள், எங்கள் முன்னாலேயே. "இல்ல சார், முடியல. ஆமா சார். அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க." தன் இடத்துக்குப் போகப்போகிறவனுக்கு வாழ்த்து. பெற்ற பிள்ளையின் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைக் கொன்றுபோட்டிருக்கலாம்.

முதல் பரிசோதனையை அன்றைக்கே செய்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கோர்ட்டுக்குக் கீழ்த்தளத்தில்தான் ஷெரிப் ஆபீஸ். கவுண்டரில் ஒரு பெண், பக்கத்தில் உள்ளங்கை அளவுக் கருவி, ஒரு டப்பா நிறையப் பிளாஸ்டிக் ஊதுகுழல். கைசா ஊதினாள். பூஜ்யம். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

கைசா கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டப்பாவிலிருந்து இன்னொரு குழலை எடுத்தாள்.

"இவரும் ஒரு தடவை ஊதலாமா?"

கவுண்டர்ப் பெண் மார்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தோளைக் குலுக்கினாள்.

"ஊதுப்பா," என்றாள் கைசா.

இத்தனை நேரம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, ஒன்றை விட்டுவிட்டேன். அன்று காலை ஏழு மணிக்குக் கராஜில், கோட்டை மாட்டிக்கொண்டு, ஆர்னே கொடுத்த சின்னப் பாட்டிலிலிருந்து ஐந்தாறு மடக்கு குடித்தேன். கோர்ட்டில் கால் ஆடாமல் இருப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரில் ஜன்னலை இறக்கி வைத்தது அதனால்தான். சும்மா உட்கார்ந்திரு என்று மகள் கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்ய விடாமல் என்னை எழுப்பி நிறுத்தியது எது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். அவளுக்கு நான் எழுந்து நின்ற அந்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது.

"கைசா, வேண்டாம்," என்றேன்.

"ஊது."

ஊதினேன். கருவி ஒரு தடவை கத்தியது. அவள் பார்த்தாள். பார்த்த உடனே கட்டை விரலை அந்த எண்ணின் மேல் வைத்து மறைத்தாள். மார்சி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அவளே ஊதச் சொன்னாள், அவளே மறைத்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. எத்தனை வருடமாக அந்தக் கை இதைச் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வயதில் கப்பல் பேர் ஒப்பித்த காலத்திலிருந்தே இருக்கும்.

அவள் விரலைப் பிடித்து விலக்கினேன். கருவியை வாங்கி மார்சியிடம் நீட்டினேன்.

"படி," என்றேன்.

மார்சி படித்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தாள். கருவியைக் கவுண்டரில் மெதுவாக வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள்.

"நீ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல," என்று கைசாவிடம் சொன்னாள். "வா, போலாம்."

இருவரும் படியேறினார்கள். மேல் படியில் கைசா ஒரு தடவை நின்றாள். மார்சி அவள் முதுகில் கை வைத்து நடத்திக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் கவுண்டர்ப் பெண்ணிடம் திரும்பி, அடுத்த திங்கட்கிழமை நானும் வந்து ஊதினால் என் பெயரையும் எழுதிக்கொள்வாயா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றாள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, பெயரைச் சொல்லுங்க என்றாள்.